பாதியாக வற்றிய தண்ணீர்

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கொழுப்பு நீக்கிய பால் பவுடர், லாக்டோஸ், வே புரதம், பாமாயில், சோயா எண்ணெய், அதற்குப் பிறகு வைட்டமின்களும் தாதுக்களுமாக ஒரு நீளப் பட்டியல். எந்தச் சேர்க்கைக்கு என்ன எண், எந்த எண்ணெய் எதற்கு, திறந்தபின் எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. நான் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டேன். என் கணவர் கணேசன் இதற்கு 'ரமாவின் வியாதி' என்று பெயரே வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட நான்தான் கோட்டை விட்டேன். எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டப்பாப் பால் கொடுக்கிற யாராவது ஒருவர் படித்தாலும் போதும்.

அம்மு எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து, எல்லைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தோம். அப்போது அவளுக்கு மூன்று மாதம்கூட நிறையவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே சட்டப்படி அவள் எங்கள் மகள் ஆகிவிடவில்லை. முதலில் எங்களிடம் வளரவிடுவார்கள். இல்லத்தின் சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அதற்கப்புறம்தான் உத்தரவு. அதுவரை, இவர்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். வாசலில் மணி அடித்தாலே யார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன்.

டப்பாவுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஒவ்வொரு டப்பாவிலும் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று எழுத வேண்டும், குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது, விளம்பரம் கூடாது, இலவசம் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். பால் கொடுக்க முடிந்தவளை ஏமாற்றி டப்பாவைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் என்னைப்போல ஒருத்தி என்ன செய்வாள்? மூடியைத் திறக்கிறபோதெல்லாம் அந்த வரி என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லும். "தெரியும், வாயை மூடு" என்று நானும் பதில் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. டப்பாப் பாலைப் பற்றிப் பேசுவதற்கே எல்லோரும் கூச்சப்பட்டார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் சுவர் முழுக்கத் தாய்ப்பால் சுவரொட்டி. "சிஸ்டர், பவுடரைக் கரைக்கிறதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?" என்று மலையாளத்தில் கேட்டேன். எங்களுக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான், ஊர் மலையாள ஊர். கள்ளச்சாராயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டதுபோல் அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள். "அது டப்பாவில உண்டல்லோ சேச்சி, வாயிச்சு நோக்கு" என்று முடித்துவிட்டாள். சரி, வாசித்துப் பார்ப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை. பவுடரை அளப்பதை நான் எடுத்துக்கொண்டேன். கத்தியின் முதுகால் கரண்டியைத் தட்டையாக வழித்துப் போடுவேன். தண்ணீர் கணேசனின் இலாகா.

கணேசன் பழவங்காடியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். நிதானமான மனிதர். நான் கத்துகிற அளவுக்கு அவர் நிதானம். நாங்கள் குடியிருப்பது ஸ்ரீவராகத்தில், வாடகை வீடு. பின்கட்டில் கிணறு. நடுவில் மதில் எழுப்பிப் பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. குழாய்த் தண்ணீரும் வரும், ஆனால் அதில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும்.

"இந்த நாத்தம் பிடிச்ச ஜலத்தையா குழந்தைக்குக் கொடுக்கறது? கிணத்து ஜலம் கல்கண்டாட்டம் இருக்கு, ரமா" என்றார் கணேசன்.

கேன் தண்ணீரை நான் நம்பவில்லை. கிணற்றுத் தண்ணீரை இருவருமே நம்பினோம். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீர் பாதியாக வற்ற வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். அப்படி வற்றினால்தான் லகுவாக இருக்கும், வயிற்றைப் பிடிக்காது என்பார்கள். ஆயுர்வேத மருந்துக் கடைக்காரரும் அதையே சொன்னார். கணேசன் காலையில் கடைக்குப் போவதற்கு முன் தண்ணீர் இறைத்து, புது மல் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பார். பேப்பர் படிக்க மாட்டார், ஃபோன் பார்க்க மாட்டார். பாதிக்கும் கீழே வற்றினால்தான் அவருக்குத் திருப்தி. அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவள் வந்து ஒரு மாதம் இருக்கும். அன்றைக்கு அம்முவைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தேன். உதடு நாவல்பழம் தின்ற வாய்போல இருந்தது.

"கேட்டேளா, இங்கே வாங்கோ. இவ வாயைப் பாருங்கோ."

"வெளிச்சம் போறலை, அதான் அப்படித் தெரியறது" என்றார் கணேசன். ஆனால் உடனே அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வெயிலில் இன்னும் மோசமாகத் தெரிந்தது. நகமெல்லாம் சாம்பலும் நீலமுமாக இருந்தது. காய்ச்சல் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. அழவில்லை. எங்களைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். நீலமான வாயால் ஒரு குழந்தை சிரிக்கிறதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அதிர்ச்சி.

பக்கத்து கிளினிக்கில் கால் பெருவிரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எண்பத்திரண்டு காட்டியது. கருவி பழுது என்று வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் எண்பத்திரண்டு. முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். எண் அசையவே இல்லை. டாக்டர் எங்களை நிமிர்ந்து பார்க்காமல் கடிதம் எழுதிக்கொண்டே, "ஹார்ட் ஆயிரிக்கும். இப்போத்தன்னே போகணும்" என்றார். ஆம்புலன்ஸில் ஏறினோம். கிழக்கேகோட்டையில் எல்லா பஸ்ஸும் எங்களுக்காகவே வழியை மறித்து நின்றதுபோல் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் செய்யும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எக்கோ என்பது அந்த ஸ்கேன். வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரிதான், ஊசி கீசி கிடையாது. ஒரு இளம் டாக்டர் வந்து விவரம் கேட்டார்.

"கர்ப்பகாலத்தில் உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருந்ததா?"

"தெரியாது."

"பிரசவம் எப்படி? சிசேரியனா?"

"தெரியாது."

"குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு?"

"தெரியாது."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நீங்கள்தானே அம்மா?"

"ஆமாம், நான்தான் அம்மா" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கணேசன் அந்தப் பையனைத் தனியே கூட்டிப்போய் விளக்கினார். மூன்று கேள்விக்குத் தெரியாது என்று பதில் வந்தால் அந்த க்ளெய்மை நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அங்கே உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எக்கோ முடிந்தது. இதயத்தில் ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை, ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பட முடியவில்லை. இதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, குழந்தை மட்டும் நீலமாக இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

அதற்குப் பதில் சொன்னவர் டாக்டர் ஷீபா. குழந்தைகள் பிரிவில் மூத்தவர், குள்ளமாக இருப்பார், அதிகம் பேச மாட்டார். வந்ததும் அம்முவின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். ஊசிக்குழாயைப் பார்த்த நான் கத்தியே விட்டேன். உள்ளே சிவப்பே இல்லை. சாக்லேட்டைக் கரைத்து ஊற்றினதுபோல் இருந்தது. டாக்டர் ஷீபா அதில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டார். கணேசனின் விரலில் குத்தி இன்னொரு சொட்டை அதன் பக்கத்தில் விட்டார். துணியை விசிறிபோல் ஆட்டினார். கணேசனின் சொட்டு பளிச்சென்று சிவந்தது. அம்முவின் சொட்டு அப்படியே பழுப்பாகக் கிடந்தது.

"இதயமில்லை. இது ரத்தத்தின் பிரச்சினை" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. மூச்சில் வருகிற ஆக்சிஜனை உடம்பெல்லாம் சுமந்துகொண்டு போய்ச் சேர்ப்பது அதன் வேலை. ஏதோ ஒன்று உள்ளே போய் அதன் தன்மையை மாற்றிவிட்டால் அது மெத்ஹீமோகுளோபின் ஆகிவிடும். அப்புறம் அது சுமக்காது. எவ்வளவு ஆக்சிஜன் வைத்தாலும் பயனில்லை, ஏற்றிக்கொள்ள ஆளில்லை. பெரியவர்களுக்கு உடம்பே இதைச் சரிசெய்துகொள்ளும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அந்தத் திறன் முழுசாக வந்திருக்காது.

"இன்னும் கூடினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"வலிப்பு வரும். நினைவு போகும். அதற்கும் மேலே போக நான் விட மாட்டேன்" என்றார்.

அதற்கு மருந்து மெத்திலீன் ப்ளூ. பெயரிலேயே நீலம். மருந்தும் பேனா மை நிறம். நீலம் பாய்ந்த குழந்தைக்கு நீலத்தையே ஏற்றப்போகிறார்கள் என்றதும் இவர்களுக்கு என்ன பைத்தியமா என்றுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் அது தீர்ந்துபோயிருந்தது. கணேசன் ஓடினார். நாலைந்து கடைக்காரர்கள் பெயரைக் கேட்டதும் கையை விரித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு இடத்தில் வாங்கி, சட்டைப் பையில் போட்டால் விழுந்துவிடும் என்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தார். அந்தக் கையைப் பிரிக்க அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவாக இருக்குமாம், அவர்களுக்கு இந்த மருந்து ஆகாதாம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்க வாயெடுத்த டாக்டர் ஷீபா, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "மெதுவா கொடுக்காம். ஞான் இவிடத்தன்னே நிற்காம்" என்றார். சொன்னபடியே நின்றார்.

முதலில் காது மடல். பிறகு உதடு. கண்ணெதிரே, பூ மலர்வதைப் பார்ப்பதுபோல அம்முவின் மேல் இளஞ்சிவப்பு ஏறியது. கணேசன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பி அழுதார். நான் அழவில்லை. அரைமணி கழித்து டயபரை மாற்றினால் உள்ளே பச்சையும் நீலமுமாக இருந்தது. அப்போதுதான் வார்டே அதிரும்படி அலறினேன்.

"சேச்சி, சேச்சி, அது மருந்தாணு! மூத்திரத்தில் வரும், பேடிக்கண்டா!" என்று சிஸ்டர், பயப்பட ஒன்றுமில்லை என்பதாகச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். கேலி செய்யட்டும். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

பக்கத்துக் கட்டிலில் விழிஞ்ஞத்திலிருந்து வந்த பீனா இருந்தாள். கணவன் கடலுக்குப் போகிறவன். அவளுடைய குழந்தைக்கு நிமோனியா, தேறி வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கரைத்துக் கொடுத்த பாலை அம்முவுக்கு நான் பாலாடையில் ஊற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாலாடை என்றால் சங்குபோல மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். வார்டில் புட்டி அனுமதி இல்லை, அதில்தான் கொடுக்கணும்.

"சேச்சிக்குப் பால் இல்லே?" என்றாள் பீனா.

"இல்லை" என்றேன் வெடுக்கென்று.

"எனிக்கு இஷ்டம்போலே உண்டு. ஞான் கொடுக்கட்டே?"

தனக்கு வேண்டிய மட்டும் பால் இருக்கிறதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒருத்தி, நேற்றுவரை முகம் தெரியாதவள், ஒரு சொம்புத் தண்ணீர் தரட்டுமா என்பதைப்போலக் கேட்கிறாள். அதெல்லாம் சட்டென்று கூடாது, ரத்தப் பரிசோதனை செய்யணும் என்று சிஸ்டர் தடுத்துவிட்டாள். பீனா ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து வரும் மீன் கறியை, நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்தும், தினமும் ஒருமுறை வேண்டுமா என்று கேட்பாள். நானும் தினமும் வேண்டாம் என்பேன். அவளிடம் மட்டும் எனக்குக் கோபமே வரவில்லை.

கோபம் முழுவதும் டப்பாமேல் இருந்தது. அதைத் தவிர அம்முவின் வயிற்றுக்குள் வேறெதுவும் போகவில்லையே. பவுடர் கலப்படம் அல்லது போலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்முவைக் கணேசனிடம் விட்டுவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனேன். வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி வைதேன்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், இது ஞான் உண்டாக்கின சாதனம் இல்ல. எல்லாரும் பாக்கற மாதிரி பரஸ்யமா அடுக்கி வைக்கக்கூட முடியாது, உள்ள வச்சுதான் விக்கிறேன். பரிசோதிக்கணும்னா பரிசோதிக்கட்டும்" என்றார்.

பரிசோதிக்க வைத்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்ததும் ஒரு அதிகாரி வந்தார். எங்கள் டப்பாவை அவர் தொடவில்லை. திறந்த டப்பா சாட்சிக்கு ஆகாதாம். அதே தொகுதி எண் உள்ள, சீல் உடையாத டப்பாக்களைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு வந்த முடிவில் பவுடரில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கடைக்காரர் இப்போதும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

ஆனால் முடிவு வருவதற்குள்ளேயே விஷயம் வெளிவந்துவிட்டது. புகார் கொடுத்த மறுநாள் காலை டாக்டர் ஷீபா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பவுடரை விடுங்கள். தண்ணீர் எது?" என்று கேட்டார்.

கணேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவரிடம் முழு மதிப்பெண் வாங்கும் பதில் இருந்தது. கிணறு, மல் துணி, சிறு தீ எல்லாவற்றையும் சொன்னார். "பாதிக்கும் கீழே வத்த வெச்சுதான் டாக்டர் கொடுக்கறேன். ஒரு நாள்கூடத் தவறினதில்லை."

டாக்டர் ஷீபா அடுத்ததைக் கேட்டார். "கிணற்றுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது?"

எங்களுடையது தூரத்தில். பக்கத்து வீட்டுடையது மதிலுக்கு அந்தப்புறம், கிணற்றை ஒட்டினாற்போல். அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

டாக்டர் சொன்னது இதுதான். கழிவு மண்ணில் கசிந்தால் நைட்ரேட் என்கிற உப்பு நிலத்தடி நீரில் சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குடித்துக் கண்டுபிடிக்க முடியாது. பெரியவர்கள் குடித்தால் சட்டென்று ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் வயிற்றில் அது வேறொன்றாக மாறி ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, ஆவியாகவும் போகாது. தண்ணீர் மட்டும் ஆவியாகும். பாதியாக வற்றினால், இருந்த உப்பெல்லாம் மிச்சமிருக்கிற பாதியில் இருக்கும்.

"இரண்டு மடங்கு" என்றேன் நான்.

"ஆமாம். எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு கூடும். கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். முதலில் அந்தத் தண்ணீரே குழந்தைக்கு ஆகாது."

இரண்டு புட்டிகளில் தண்ணீர் பரிசோதனைக்குப் போனது. ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கணேசன் காய்ச்சியது. முதல் புட்டியே அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. இரண்டாவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாடை அடிக்கிறது என்று நாங்கள் ஒதுக்கிய குழாய்த் தண்ணீரையும் பிறகு அனுப்பினோம், அதில் ஒரு கோளாறும் இல்லை.

டப்பாவின் பட்டியலில் ஒவ்வொரு துளி எண்ணெயையும் நான் விசாரித்தேன். கரைத்த பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். அது பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதை ஊற்றுவது நாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் என்று செய்முறையில் ஒரு வரி இருக்கிறது. எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம் காய்ச்சணும் என்று யார் சொல்வது? வாயைத் திறந்தால் டப்பாவுக்கு விளம்பரம் ஆகிவிடும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் என்னைப்போன்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கணேசன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "நான்தானே... நான்தானே ரமா..." என்றுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் கத்துகிற எனக்கு அவரைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் அவர் நின்ற நிற்பு கண்ணிலேயே இருந்தது. அம்முவைத் தூக்கி அவர் மடியில் போட்டேன். அவர் தொடப் பயந்தார். "பிடிச்சுக்கோங்கோ, எனக்குக் கை வலிக்கறது" என்று பொய் சொன்னேன்.

இனி ஒரே பயம்தான் பாக்கி. இல்லத்துக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுக்கலாமே என்றார் கணேசன். மறைத்துத் தெரிந்தால் அதற்காகவே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான்தான் ஃபோன் செய்தேன். சமூகப் பணியாளர் சிந்து மறுநாளே வந்தார். எல்லைப் பக்கத்துத் தமிழ்க்காரி, எங்கள் வயதுதான் இருக்கும். கையில் ஃபைல்.

அம்முவைக் கையில் வாங்கியதும் சிந்து ஆச்சரியப்பட்டார். "என்ன இது, பிள்ள இப்பிடி நிறமா ஆயிட்டா? எங்ககிட்ட இருந்தப்போ கறுப்பால்லா இருந்தா?"

"மருந்து போட்டப்புறம் இப்படி ஆயிட்டா" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். கிணறு, செப்டிக் டேங்க், பாத்திரம், எல்லாம் கேட்டார். எதையும் ஒளிக்காமல் சொன்னோம். கடைசியாக, "தண்ணிய வத்த வச்சது யாரு?" என்றார்.

"நான்தான்" என்றார் கணேசன்.

"ரெண்டு பேருந்தான்" என்றேன். "தயவுசெஞ்சு குழந்தையை எடுத்துண்டு போயிடாதீங்கோ. வேற என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்கோ." யாரிடமும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

சிந்து ஃபைலை மூடினார். "எதுக்கு இப்பிடிக் கெஞ்சுறீங்க? தெரியாம செஞ்சதுக்கு யாராவது பிள்ளைய எடுத்துட்டுப் போவாங்களா? பிள்ள உங்க பிள்ளதான், அப்பிடித்தான் எழுதப்போறேன். கைப்பிள்ளைக்கு தண்ணி வத்த வைக்காத இடம் எங்க இருக்கு சொல்லுங்க. எங்க இல்லத்திலயும் ஆயா காலையில பெரிய சருவத்தில வச்சாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் அது அடுப்பிலதான் கெடந்து..."

அதோடு நிறுத்திவிட்டார். மடியில் கிடந்த அம்முவைப் பார்த்தார். அவளுடைய உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்களுக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இல்லத்துக் குழந்தைகளை அன்றைக்கே இதே வார்டுக்குக் கொண்டுவந்தார்கள், எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். படிக்கிறவர்கள் பதற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

சிந்து ஃபோனை எடுத்தார். மடியில் அம்மு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தார்.

"ஆயா, பிள்ளைகளுக்கு பால் கலக்கிற தண்ணி எங்க உள்ளது? கிணறா?"

"கிணத்துத் தண்ணிதான். நல்லா வத்தக் காய்ச்சித்தான் குடுக்கேன், பயப்படாத" என்றது ஒரு வயதான குரல்.

"அடுப்ப அணைங்க. இப்பமே அணைங்க. அந்தத் தண்ணிய ஒரு பிள்ளைக்கும் குடுக்காதீங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. சின்னப் பிள்ளைகள ஒண்ணொண்ணா வெயிலுக்குக் கொண்டு வந்து உதட்டப் பாருங்க, என்ன நிறத்தில இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. சிந்து அம்முவை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உதடா? நீலம் பாரிச்ச மாதிரி கறுத்துத்தான் இருக்கு" என்றது அந்தக் குரல், சாதாரணமாக. "இவ எப்பவும் இப்பிடித்தான இருப்பா, சிந்து. இங்க எல்லாப் பிள்ளையும் இப்பிடித்தான."